மாற்று மூட்டு எத்தனை வருசம் உழைக்கும்?

சித்தன்னவாசலில் குன்றின் மேல் இருக்கும் ஏழடிப்பட்டக் குகைக்கு ஏறும் படிகளின் அடியில் ஒரு விடுமுறை நாளில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், நம் ஊர் முழங்கால்களின் நிலைமை விளங்கிவிடும். பிள்ளைகள் ஓடி ஏறுகிறார்கள். அவர்களுடைய அப்பா அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகிறார்கள். பாட்டிமார் பலர் நாலைந்து படியிலேயே முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்" என்று நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். என் அத்தையும் போன மாசியில் அப்படித்தான் உட்கார்ந்தார். அவருக்கு 67 வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது, மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. மேலே போய்ப் பார்த்துவிட்டு நாங்கள் இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டார்:

"ஏப்பா, முட்டியில வைக்கிற அந்தச் சாமான் எத்தனை வருசம் உழைக்கும்? உள்ளயே துருப் பிடிச்சுப் போயிராதா? ஒடிஞ்சுபோச்சுன்னா திரும்ப அறுக்கணுமா?"

மூன்றும் சரியான கேள்விகள். அன்றைக்கு அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

முட்டியை மாற்றுவது என்றவுடன், காலை நடுவில் வெட்டி எடுத்துவிட்டு வேறொரு மூட்டைப் பொருத்துவதாக அத்தை நினைத்திருந்தார். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைப் பார்த்தவர்களுக்கு உண்மை எளிதில் புரியும். பட்டா தேய்ந்தால் சக்கரத்தையா தூக்கி எறிகிறோம்? பழைய இரும்பைக் கழற்றிவிட்டுப் புதிய இரும்பை ஏற்றுகிறோம். முழங்காலிலும் அதே வேலைதான். தொடை எலும்பின் கீழ் நுனியிலும் கீழ்க்கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்துபோன பகுதியைச் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கிறார்கள். மேல் எலும்புக்கு உலோகத்தில் ஒரு தொப்பி. கீழ் எலும்பின் தலையில் உலோகத்தில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே, தேய்ந்துபோன குருத்தெலும்பின் இடத்தில், கெட்டியான பிளாஸ்டிக். இரண்டு பக்கத்து நார்களும் தசைகளும் அத்தையுடையவைதான். இடுப்பு மூட்டில் அமைப்பு வேறு: தொடை எலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு, எலும்புக்குள் ஒரு தண்டை இறக்கி அதன்மேல் ஒரு பந்தை வைக்கிறார்கள். பந்து சுழல்வதற்கு இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம்.

இந்தச் சாமான் தாங்க வேண்டிய பாரம் சாதாரணமானதல்ல. பெர்லினில் ஓர் ஆராய்ச்சிக் குழு, செயற்கை முழங்காலுக்குள்ளேயே அளவுமானியைப் பொருத்தி, அதை வைத்துக்கொண்டவர்கள் நடக்கும்போதும் படியேறும்போதும் விழும் பாரத்தை நேரடியாக அளந்தது. 2010-ல் வெளியான அந்தக் கணக்குப்படி சமதரையில் நடந்தால் உடல் எடையைப் போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, படி ஏறினால் 3.2 மடங்கு, படி இறங்கினால் 3.5 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் ஏழடிப்பட்டத்திலிருந்து இறங்கினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு முட்டியில் 200 கிலோவுக்கு மேல் விழுகிறது. "ஏறிடுறேன், இறங்கத்தான் முடியல" என்று வயதானவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அளவுமானியும் அதையேதான் சொல்கிறது.

இனித் துரு. உலோகப் பகுதி பெரும்பாலும் கோபால்ட்டும் குரோமியமும் கொஞ்சம் மாலிப்டினமும் சேர்ந்த கலவை. காற்றுப் பட்டதும் குரோமியம் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதற்குப் பிறகு ஈரமும் உப்பும் உள்ளே போகாது. வீட்டு எவர்சில்வர் பாத்திரம் துருப்பிடிக்காமல் இருப்பதும் இதே குரோமியத்தால்தான். ஆகவே அத்தையின் இரண்டாவது கேள்விக்குப் பதில், இரும்பு துருப்பிடிப்பதுபோல் இது பிடிக்காது. இந்தக் கலவையில் மிகச் சிறிதளவு நிக்கல் உண்டு. கவரிங் நகை போட்டால் கழுத்து அரிக்கிறவர்கள், கைக்கடிகாரம் கட்டினால் தோல் தடிக்கிறவர்கள், அதை அறுவைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு உலோகம் டைட்டானியம். எடை குறைவு, எலும்போடு நன்றாகப் பழகும். எலும்பே வளர்ந்து வந்து அதன் சொரசொரப்பைப் பற்றிக்கொள்ளும். ஆனால் சீக்கிரம் கீறல் விழும் என்பதால் உராயும் பக்கத்துக்கு ஆகாது. அதை எலும்பைத் தொடும் பக்கத்தில் வைக்கிறார்கள். அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. கோபால்ட் கலவை எலும்பைவிடப் பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது, டைட்டானியம் அதில் பாதிதான். மிக விறைப்பான உலோகம் பாரம் முழுவதையும் தானே சுமந்துகொண்டால் பக்கத்து எலும்புக்கு வேலை இல்லாமல் போகும். வேலை இல்லாத எலும்பு இளைத்துவிடும். மாட்டைக் கட்டியே போட்டால் என்ன ஆகுமோ அதேதான்.

எலும்பையும் உலோகத்தையும் பிடித்து வைக்க ஒரு சிமெண்ட் உண்டு. வீடு கட்டும் சிமெண்டுக்கும் அதற்கும் உறவில்லை. பொய்ப்பல் செட் செய்யும் அக்ரிலிக் வகை. மாவாகக் குழைத்து வைத்தால் சில நிமிடங்களில் சூடேறி இறுகும். அது பசைபோல் ஒட்டுவதில்லை, எலும்பின் சின்னச் சின்ன துவாரங்களுக்குள் புகுந்து இறுகிக்கொள்கிறது. கிருமி வராமலிருக்க அதிலேயே ஆன்டிபயாட்டிக் மருந்தையும் கலக்குவதுண்டு.

இந்தக் கூட்டத்தில் எளிதில் தோற்றுப்போகிற ஆள் பிளாஸ்டிக்தான். பாலிஎத்திலீன் என்று பெயர். நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் நெருங்கிய உறவு, ஆனால் இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் பல மடங்கு நீளம், அதனால் உறுதியும் அதிகம். இது இந்த இடத்துக்கு வந்த கதை தெரிந்துகொள்ள வேண்டியது.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950களின் கடைசியில் இடுப்புக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். தோசை ஒட்டாத கல்லின் மேல் பூசுகிற அதே டெஃப்லான். வழுக்கினால் போதும், உராய்வு குறையும் என்பது அவருடைய எண்ணம். நோயாளிகள் முதலில் மகிழ்ச்சியாக நடந்தார்கள். இரண்டு மூன்று வருடத்தில் கிண்ணம் தேய்ந்து, தேய்ந்த தூளைச் சுற்றிப் பாலாடைக்கட்டிபோல் ஒரு திரள் உண்டாகி, எலும்பு அரித்தது. முன்னூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அதை வைத்திருந்தார். ஒவ்வொருவரையும் திரும்ப அழைத்து மறு அறுவை செய்யத் தொடங்கினார். அவருடைய பட்டறைத் தொழிலாளி ஹாரி கிரேவன் ஒரு வியாபாரி கொண்டுவந்த பாலிஎத்திலீன் துண்டை வாங்கி இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார். சார்ன்லி முதலில் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. இயந்திரம் வாரக்கணக்கில் ஓடியும் அது மிகக் கொஞ்சமே தேய்ந்திருந்தது என்றதும் நம்பினார். அப்போதும் அவசரப்படாமல் டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தன் தொடையிலேயே வைத்துக்கொண்டு உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். 1962 நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் போனது. இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கிற மூட்டு மாற்றுக்கெல்லாம் வழிகாட்டி அதுதான். தன் தவறைத் தேடிப் போய்த் திருத்திய அந்த மருத்துவரையும், பெயர் அதிகம் வெளியே வராத அந்தப் பட்டறைக்காரரையும் நன்றியோடுதான் நினைக்க வேண்டும்.

பாலிஎத்திலீனிலும் குறை வந்தது. கிருமி நீக்க அதன்மேல் காமா கதிரைப் பாய்ச்சுவார்கள். காற்றுள்ள உறையில் வைத்து அப்படிச் செய்ததால், பல மாதம் அலமாரியிலேயே இருந்த துண்டுகள் ஆக்சிஜன் ஏறி மொறுமொறுப்பாகிவிட்டன. மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி ஒருநாள் தொட்டதும் உடைகிறதே, அந்த மாதிரி. 1990களில் காற்றை நீக்கிய உறைக்கு மாறினார்கள். பிறகு சங்கிலிகளைக் குறுக்கே பின்னி இறுக்கிய புதுவகை வந்தது. அதில் வைட்டமின் ஈ சேர்ப்பதும் உண்டு. இந்த வகை, முக்கியமாக இடுப்பு மூட்டில், தேய்மானத்தை வெகுவாகக் குறைத்திருக்கிறது.

தேய்மானத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அத்தை பயந்ததுபோல் செயற்கை மூட்டு ஒடிவது அரிது. அது ஆடிப்போகிறது. உராய்வில் உதிரும் பிளாஸ்டிக் துகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. உடம்பின் காவல் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. தவித்து அபாயக் குரல் கொடுக்கின்றன. அந்தக் குரலுக்கு ஓடிவருவது எலும்பைக் கரைக்கும் செல்கள். உலோகம் பளபளவென்று அப்படியே இருக்கும், அதைப் பிடித்திருந்த எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

இதைச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் அண்ணாந்து பார்த்தே புரிந்துகொள்ளலாம். மலையைக் குடைந்த கூரைப் பாறைக்கு ஒன்றும் ஆகவில்லை. தாமரைக் குளத்து ஓவியத்தில் எஞ்சிய நிறங்களிலும் இன்னும் உயிர் இருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்த ஓவியத்தின் சாந்தை அடுக்கடுக்காக ஆராய்ந்தார்: பாறை மேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, அதன்மேல் மெல்லிய சுண்ணாம்பு, அதன்மேல் நிறம். ஓவியம் போன பல இடங்களில் சாந்து பாறையை விட்டுக் கழன்றிருக்கிறது. இரண்டு வேறு வேறு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைதான் பலவீனமான இடம். மூட்டிலும் எலும்பும் சிமெண்டும் தொடும் எல்லை அப்படி ஓர் இடம்.

துகளே வேண்டாம் என்று பீங்கானுக்குப் போனவர்கள் உண்டு. டீக்கோப்பைப் பீங்கான் என்று நினைக்க வேண்டாம், அலுமினா, சிர்கோனியா போன்ற மிகக் கடினமானவை. தேய்மானம் மிகக் குறைவு. இளம் வயதில் இடுப்பு மூட்டு கெட்டவர்களுக்கு அதிகம் வைக்கிறார்கள். ஸ்டீராய்டு மருந்தாலோ குடியாலோ இரத்த ஓட்டம் நின்று தொடை எலும்பின் தலை செத்துப்போவது நம் நாட்டில் இளைஞர்களிடம் அடிக்கடி பார்க்கிற நோய். பீங்கான் அபூர்வமாக உடையும், சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். பிரான்சில் ஒரு நிறுவனம் சிர்கோனியாப் பந்துகளைச் சுடும் சூளையை 1998-ல் மாற்றியது. மண் அதே மண், சூளை மட்டும் வேறு. அந்தச் சூளையில் வெந்த பந்துகள் சில நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே நொறுங்கின. 2001-ல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய சோகம் உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனம் விற்ற ஏஎஸ்ஆர் என்ற வகையில் பந்தும் கிண்ணமும் கோபால்ட் குரோமியம். பிளாஸ்டிக் இல்லாததால் நீண்ட நாள் உழைக்கும், இளைஞர்களுக்கு ஏற்றது என்று சொல்லப்பட்டது. நடந்தது வேறு. உரசலில் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றித் தசை அழுகியது. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், எப்போது மறு அறுவை செய்தார்கள் என்று குறித்துவைக்கும் ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு இதை முதலில் கண்டுபிடித்தது. அங்கே 2009 இறுதியில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். ஏறத்தாழ 93,000 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. ஐந்தே வருடத்தில் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டது.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டது. மத்திய அரசு 2017-ல் அமைத்த நிபுணர் குழு 2018-ல் அறிக்கை தந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று பரிந்துரைத்தது. பிறகு வந்த கணக்கில் தொகை இன்னும் கூடியது. ஆனால் கொடுப்பதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே! பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. தனக்குள் இருப்பது எந்தக் கம்பெனிச் சாமான் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்தவரும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

அத்தையின் முதல் கேள்விக்கு வருகிறேன். 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் இப்படிப்பட்ட தேசியப் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் வந்தன. முழங்கால் மாற்றியவர்களில் 100-க்கு 93 பேருக்கு 15 வருடமும், 90 பேருக்கு 20 வருடமும், 82 பேருக்கு 25 வருடமும் அதே மூட்டு உழைத்திருக்கிறது. இடுப்பு மூட்டு 15 வருடத்துக்கு 89 பேரிடமும், 25 வருடத்துக்கு 58 பேரிடமும் நின்றிருக்கிறது. இது பழைய பிளாஸ்டிக் காலத்துக் கணக்கு, இன்றைய பொருள்கள் இதைவிடக் கூட உழைக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. வயதும் முக்கியம். 2017-ல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களில் ஆயுளுக்குள் மறு அறுவை தேவைப்படுவது 100-க்குச் சுமார் 5 பேருக்குத்தான். 50களின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களில் அது 35 வரை போகிறது. அத்தையின் வயதில் ஒருமுறை வைத்தால் போதும் என்பதற்கே வாய்ப்பு மிக அதிகம்.

இந்தக் கணக்குகள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும் நாடுகளுடையவை என்பதை மறக்கக் கூடாது. நாம் சம்மணம் போடுகிறோம், குத்தவைத்துக் கோலம் போடுகிறோம், அரிவாள்மனையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறோம். கால் அவ்வளவு மடங்கும்போது பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் பாரம் குவியும். நன்றாக மடங்கும் வகை மூட்டுகளும் கிடைக்கின்றன. ஆனாலும் வீட்டில் உட்காரும் கழிப்பறையும், நாற்காலியும், சமையல் மேடையும் மூட்டின் ஆயுளைக் கூட்டும்.

சிக்கல்களில் முதலில் அஞ்ச வேண்டியது கிருமி. 100 அறுவையில் ஒன்று இரண்டில் வருகிறது. உலோகத்தில் இரத்த ஓட்டம் இல்லாததால், தண்ணீர்த் தொட்டியில் படியும் வழுக்கல்போல் கிருமி அதன்மேல் படலமாகப் படிந்துகொண்டால் மருந்து எட்டாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் கழுவிக் காப்பாற்றலாம். முற்றிவிட்டால் சாமானைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, சில வாரம் கழித்துப் புதியதை வைக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், பல் சொத்தை, கால் புண், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் ஆற்றிக்கொள்வதும் இதற்காகத்தான். முதல் வாரங்களில் கெண்டைக்காலில் இரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகலாம். திடீர் மூச்சுத் திணறல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. இடுப்பு மூட்டில் பந்து கிண்ணத்தை விட்டுக் கழலலாம். கீழே விழுந்தால் சாமானுக்குப் பக்கத்து எலும்பு முறியலாம். வலிக்கிறதே என்று பயிற்சியை விட்டவர்களுக்கு முட்டி மடங்காமல் இறுகிவிடும். முழங்கால் மாற்றியவர்களில் ஐந்தில் ஒருவர்வரை முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதும் உண்மை. அதை மறைத்து யாரையும் அறுவைக்கு அழைக்கக் கூடாது.

செலவைப் பற்றி. 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை ஆணையம் முழங்கால் சாமானுக்கு உச்சவரம்பு வைத்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய் விலை போட்டிருந்த கோபால்ட் குரோமியம் மூட்டு, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. டைட்டானியம், ஆக்சிஜனேற்றிய சிர்கோனியம் வகைகள் 76,600 ரூபாய்க்கு வந்தன. விலை கூடிய வகையே நல்லது என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம். வயதானவர்களுக்குச் சாதாரணக் கோபால்ட் குரோமியமும் நல்ல பிளாஸ்டிக்கும் நன்றாகவே உழைக்கின்றன என்பதுதான் பதிவேடுகள் காட்டுவது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவையும் அடங்கும். கார்டு இருப்பவர்கள் முதலில் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பது எந்தக் கம்பெனிச் சாமான் என்று தெரியாத நிலைமை உங்களுக்கு வராமலிருக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சாமானின் பெட்டியிலும் ஒட்டுச்சீட்டு இருக்கும். கம்பெனியின் பெயர், வகை, அளவு, லாட் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். அறுவை முடிந்ததும் அதில் ஒரு பிரதி மருத்துவமனைக் கோப்பில் ஒட்டப்படும். வீட்டுக்கு அனுப்பும் சுருக்கச் சீட்டிலும் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், காசு கொடுத்து வாங்கிய பொருளின் பெயரைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. ரேஷன் கார்டு, ஆதார் வைக்கும் பையிலேயே அதையும் வையுங்கள். போனில் ஒரு படம் எடுத்து மகனுக்கும் மகளுக்கும் அனுப்பி வையுங்கள்.